கை தூக்கிய பிறகு

அரசியலுக்கு வருவதற்கு முன்னால் அவள் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல ஒரு ஊரே காலியா கிடக்கு” என்று பின்படிக்கட்டிலிருந்து அவள் போடும் சத்தத்தில், மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவர்கள்கூடச் சிரித்துவிட்டு ஓரடி நகர்ந்து கொடுப்பார்கள்.

அவளைக் கண்டுபிடித்தவர் கட்சியின் மாவட்டச் செயலாளர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, யாரும் அதைச் சொல்லுவதில்லை. எல்லோருக்கும் அவர் ‘மாவட்டம்’தான். “மாவட்டம் தூங்கறாரு”, “மாவட்டத்துக்கு வயிறு சரியில்லை” என்று கட்சிக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் புதியவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு நாள் அவருடைய கார் நடுவழியில் படுத்துவிட்டதால் டவுன் பஸ்ஸில் ஏற வேண்டியதாயிற்று. அங்கே ஜன்னலோர இருக்கைக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். கண்டக்டர் இரண்டு பேரையும் எழுப்பிவிட்டு, கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒருத்தியை அங்கே உட்காரவைத்தாள். “இப்ப நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி. நின்னுக்கிட்டே பேசிக்கிட்டு வாங்க” என்றாள். அவர்கள் பேசிக்கொண்டேதான் இறங்கிப் போனார்கள்.

மாவட்டத்துக்கு அப்போது ஒரு தலைவலி இருந்தது. ஒரே வார்டுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவன் கவிழ்த்துவிடுவான். மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும், இரண்டு பேருக்கும் ஆகாதவராக இருந்தாலும் பரவாயில்லை என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த பஸ் பயணம் வாய்த்தது.

“தேர்தல்ல நிக்கறியாம்மா?” என்றார் இறங்கும்போது.

“நாள் பூரா நின்னுக்கிட்டுதான் இருக்கேன். இதுக்கு மேல எங்க நிக்கறது?” என்றாள் அவள்.

இந்தப் பதில் ஊருக்குள் பரவியதே அவளை வேட்பாளராக்கப் போதுமானதாக இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள், ‘டிக்கெட் கிழித்தவருக்கு வார்டு எதற்கு?’ என்று சுவரில் எழுதினார்கள். அவள் அந்தச் சுவருக்கு முன்னாலேயே நின்று, “எழுதினவரு யாருன்னு தெரியும். டிக்கெட் இல்லாம வந்து என்கிட்ட மாட்டினவரு” என்றாள். ஜெயித்துவிட்டாள்.

அந்தத் தேர்தலுக்கு உதவத்தான் அவளுடைய தம்பி வந்தான். அவன் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். அவனை எல்லோரும் ‘ஸ்டுடியோ’ என்றே கூப்பிட்டார்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் திறந்துகொள்ளலாம் என்று பூட்டியவன், பிறகு திறக்கவே இல்லை. காலையில் வரும் ஆட்களை உட்காரவைக்க ஒருவர் வேண்டும், அலுவலகத்துக்கு ஓட ஒருவர் வேண்டும், எந்தக் கல்யாணத்துக்கு எப்போது போவது, எந்தச் சாவுக்கு முதலில் போவது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவன் இருந்தான். வீட்டுக்குள் அவளை ‘நீ’ என்பான், வாசல் தாண்டினால் ‘நீங்க’ என்பான். அவன் கல்யாணம் தள்ளிப்போனது. கேட்டால், “இந்தத் தேர்தல் முடியட்டும்” என்றான். எப்போதும் ஏதாவது ஒரு தேர்தல் முடியவேண்டியிருந்தது.

கவுன்சிலராக இருந்த காலம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் போய் நின்று எரியவைக்கலாம். சாக்கடை அடைத்துக்கொண்டால் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம். வேலை நடந்தால் கண்ணுக்குத் தெரியும், நடக்காவிட்டால் மூக்குக்குத் தெரியும். பிறகு நகரமன்றத் தலைவரானாள். அப்போதுதான் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வார்டு கட்டினாள். அதற்கு முன்பு ஆறு கட்டில்களில் பன்னிரண்டு பேர் படுத்திருந்தார்கள். இருக்கிற அலுவலகங்களின் வாசல் எல்லாம் ஏறி இறங்கி அந்தக் கட்டடத்தைக் கொண்டுவந்தாள். சுவரில் பதிக்க வெளிர் மஞ்சள் ஓடுகளைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். “ஆஸ்பத்திரிப் பச்சை வேணாம். அதைப் பார்த்தாலே வலி வந்துடும்” என்றாள். “அதுக்குத்தானே அங்க வர்றாங்க” என்றார் கணவர்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார், பேசினால் இப்படித்தான் பேசுவார். அரசியலுக்கு அவர் எதிரியும் இல்லை, நண்பரும் இல்லை. சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது தன் வீட்டு முன்னறையில் தனக்கு உட்கார ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதா என்று ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் பின்பக்கமாக உள்ளே போவார்.

அந்தப் பிரசவ வார்டின் பெயரால்தான் அவள் சட்டசபைக்குப் போனாள். இரண்டு முறை ஜெயித்தாள்.

சட்டசபை வேறு மாதிரி இருந்தது. அவளுக்குக் கிடைத்த இடம் ஒரு தூணுக்குப் பின்னால். பேச வாய்ப்புக் கேட்டால் சபாநாயகருக்கு அவளுடைய கை தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருப்பார். பாலம் பற்றிக் கேட்டாள்: ‘அரசின் பரிசீலனையில் உள்ளது.’ அடுத்த வருடமும் அதையே கேட்டாள். பரிசீலனை அப்படியேதான் இருந்தது. ஊருக்கு வந்தால் திறப்பு விழா, காதைத் துளைக்கும் குரலில் வரவேற்புரை, எல்லா வீட்டிலும் ஒரு டீ. சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கும். கால் வீங்கியிருக்கும். காரில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, “அடுத்தது என்னடா?” என்பாள். தம்பி சொல்லுவான். அவன் சொன்ன இடத்தில் இறங்கி அவன் சொன்ன பெயரைச் சொல்லி நலம் விசாரிப்பாள். “எப்படி இத்தனை பேரை ஞாபகம் வெச்சிருக்காங்க!” என்று ஊர் வியந்தது. ஞாபகம் வைத்திருந்தது முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவன்.

இரண்டாவது முறை ஜெயித்த பிறகுதான் அந்த மசோதா வந்தது. சிறிய ஊர்களின் பிரசவ வார்டுகளை மூடிவிட்டுப் பெரிய நகரத்து ஆஸ்பத்திரியோடு இணைப்பது. டாக்டர்கள் போதவில்லை, ஒரே இடத்தில் இருந்தால் வசதிகள் நன்றாக இருக்கும் என்று காரணங்கள் சொன்னார்கள். காரணங்கள் எல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவளுடைய ஊரிலிருந்து அந்த நகரத்துக்குச் சாலை நன்றாக இருக்கும் நாளில் ஒன்றரை மணி நேரம். சாலை என்றைக்கும் நன்றாக இருந்ததில்லை.

மாவட்டம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

“மேல முடிவு பண்ணியாச்சும்மா. உங்க ஒரு கை இல்லாட்டியும் நிறைவேறிடும். இருந்தா, உங்க பேரு நல்லபடியா போய்ச் சேரும். அடுத்த மாற்றத்துல…”

அவர் எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டார். மீதியைக் கேட்பவரே முடித்துக்கொள்ள வேண்டும். மந்திரி என்று அவள் முடித்துக்கொண்டாள். மந்திரியானால் வார்டைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று சபாநாயகர் சொன்னபோது தூக்கினாள். அன்றைக்கு மட்டும் தூண் எதையும் மறைக்கவில்லை.

அந்த ‘அடுத்த மாற்றம்’ வந்தது, போனது. மஞ்சள் ஓடு பதித்த கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். கொஞ்ச நாளில் ஒரு குழந்தை, போகும் வழியில் பெட்ரோல் பங்க் வாசலில் வேனுக்குள்ளேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அந்தக் குழந்தையை ஊரே ‘பங்க்’ என்று கூப்பிட்டுச் சிரித்தது. அடுத்தது சிரிக்கும்படி இல்லை. பக்கத்துத் தெரு வெல்டருடைய மனைவிக்கு நேரம் முந்திக்கொண்டுவிட்டது. வேன் பாதி தூரம் போவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. பெண் பிழைத்துக்கொண்டாள். குழந்தை இல்லை.

வெல்டர் வீடு தேடி வந்தான். அவள் மாடியில் இருந்தாள். தம்பி மேலே வந்து, “கீழ வெல்டர் வந்திருக்கான்” என்றான்.

“நான் என்னடா சொல்லுவேன் அவன்கிட்ட?”

 தம்பி இறங்கிப் போனான். “அக்கா மீட்டிங்குக்குப் போயிருக்காங்க” என்று அவன் சொல்லுவது மாடிக்குக் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் வாசல் கேட் சாத்தும் சத்தம் வந்தது. என்ன பேசினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது மாவட்டம் நேராக வீட்டுக்கு வராமல் கண்ணாடிக் கடைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியின் கால் ஒன்று ஆடுகிறது என்றார். கணவர் சிறிய திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

“இந்தத் தடவை அம்மாவுக்கு ஓய்வு குடுக்கலாம்னு மேல நினைக்கறாங்க.”

“ஓய்வு அவ கேட்டாளா?”

“கேட்டுக் குடுத்தா அது லீவுங்க. கேக்காம குடுக்கறதுதான் ஓய்வு.”

கணவர் திருகை முறுக்கி முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். “சீட்டு யாருக்கு?”

மாவட்டம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார். “வெளியாள் இல்ல. குடும்பத்துக்குள்ளதான்…”

அன்றைக்கு மதியம் கணவர் சாப்பிட வந்தபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னார். அவள் உடனே தம்பியைக் கூப்பிடவில்லை. பாத்திரங்களைக் கழுவினாள். அடுப்பைத் துடைத்தாள். அவன் தானாகவே சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“மாமா சொல்லிட்டாரா?”

“நீ எப்ப சொல்றதா இருந்த?”

“கேட்டாங்க. சரின்னுட்டேன். சொல்லணும்னு ரெண்டு தடவை மாடிப்படி ஏறினேன். நீ தூங்கிட்டிருந்த.”

“எழுப்பியிருக்கலாமே. பஸ்ஸுல ஊருக்கே சீட்டு பிடிச்சுக் குடுத்தவ நான். எனக்கு இருந்த ஒரு சீட்டையும் நீ…”

“உன் சீட்டா?” அவன் குரலை உயர்த்தவில்லை. “அக்கா, அங்க போய்க் கையைத் தூக்கினது நீ. இங்க உக்காந்து பதில் சொன்னது நான். ஒவ்வொருத்தனா வந்தான். ஒவ்வொருத்தன்கிட்டயும் அக்கா மீட்டிங்ல இருக்காங்க, அக்கா ஊருல இல்ல, அக்கா பேசிக்கிட்டிருக்காங்கன்னு சொன்னேன். என் வாயே எனக்குக் கசந்துபோச்சு. இனிமே நான் சொல்றது எனக்காகவாவது இருக்கட்டும்.”

அவளுக்குக் கோபம் வந்ததைவிட அசதிதான் அதிகமாக வந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒருநாள்கூட இவனை ‘உனக்கு என்னடா வேணும்’ என்று தான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தோன்றியது. இப்போது கேட்டால் பரிகாசம் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

“உன் முகத்துக்குப் போஸ்டர் நல்லா வராது. சிரிக்கச் சொன்னா பல்லு வலி மாதிரி சிரிப்ப” என்றாள் கடைசியில்.

“போட்டோ பிடிச்சவனுக்குத் தெரியாதா?” என்றான் தம்பி.

அவனுக்காக வீடு வீடாகப் போனாள். வேறு யாரையாவது அனுப்பலாம் என்று கட்சியில் சொன்னார்கள், அவள் கேட்கவில்லை. இத்தனை வருடமும் அவள் முன்னால் வந்து நின்ற ஜனங்களை அவன் முன்கூட்டியே பக்குவப்படுத்தி அனுப்பியிருக்கிறான் என்பது அப்போது தெரிந்தது. இப்போது அவர்கள் நேராகப் பேசினார்கள். “கட்டினதும் நீங்க, மூடினதும் நீங்க. நடுவுல எங்களுக்கு என்ன?” என்றாள் ஒரு கிழவி. “உங்க தம்பி நல்லவருதான். நீங்களும் நல்லவங்களாத்தான் இருந்தீங்க” என்றார் மளிகைக் கடைக்காரர்.  கும்பிட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். பாதம் எரிந்தது.

வெல்டர் வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று கூட வந்தவர்கள் கண்ணைக் காட்டினார்கள். அவளுக்கும் தாண்டிவிடலாம் போலத்தான் இருந்தது. அதற்குள் அவனே வெளியே வந்துவிட்டான்.

“உக்காருங்க. காலு வீங்கியிருக்கு” என்றான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் தண்ணீரைக் குடித்தாள். நோட்டீஸைக் கொடுப்பதா வேண்டாமா என்று கையிலேயே வைத்திருந்தாள்.

“அன்னிக்கு நீங்க மீட்டிங்குக்குப் போகல” என்றான் வெல்டர். “மாடியில நடக்கற சத்தம் கேட்டுது.”

“ஆமா.”

“உங்க தம்பி எங்கிட்ட என்ன சொன்னாருன்னு சொன்னாரா?”

“இல்ல.”

“ஒண்ணும் சொல்லல. என் பக்கத்துல உக்காந்து அழுதாரு. பெரிய ஆளு, சத்தமில்லாம அழுதாரு. எங்க சொந்தக்காரங்களே, அடுத்தது நல்லபடியா பொறக்கும்னு சொல்லிட்டுப் போனாங்க. இவரு அப்படியெல்லாம் சொல்லல.” அவள் கையிலிருந்த நோட்டீஸை அவனே வாங்கிக்கொண்டான். “அதுக்காகப் போடறேன். உங்களுக்காக இல்ல.”

“எனக்காக வேணாம்” என்றாள் அவள்.

தம்பி கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான். மாலைகளுக்கு நடுவே அவன் முகம் பல்லு வலிக்காரன் முகமாகவே இருந்தது. முன்னறையில் கூட்டம் பழையபடி வந்தது. அவனைத் தேடி வந்தது. அவள் காலையில் கணவரோடு கடைக்குப் போக ஆரம்பித்தாள். கண்ணாடிகளைத் துடைத்து வரிசையாக வைப்பாள், வருகிறவர்களிடம் எழுத்துப் பலகையைக் காட்டி, “கடைசி வரி தெரியுதா?” என்பாள். சிலர் பழக்கதோஷத்தில் சாலை சரியில்லை என்று அவளிடமே சொல்லுவார்கள். “அதுக்கு அவன். கண்ணு சரியில்லன்னா மட்டும் என்கிட்ட வாங்க” என்பாள்.

ஒரு வருடம் போயிருக்கும். பட்டப்பகலில் தம்பியிடமிருந்து போன் வந்தது. பின்னால் மணி அடித்துக்கொண்டிருந்தது. சட்டசபை நடைபாதையில் நின்று பேசுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

“அக்கா, மூடின வார்டு கட்டடங்களையெல்லாம் தனியார் ஆஸ்பத்திரிக்காரங்களுக்குக் குடுக்கறாங்க. நம்ம மஞ்சள் கட்டடமும் அதுல இருக்கு. இப்ப கை தூக்கச் சொல்லுவாங்க.”

அவள் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு நாளா பேசினேன். முன்பக்கத்து ரெண்டு ரூம் மட்டும் அரசாங்கத்துக்கு விடறோம், பகல்ல ஒரு நர்ஸ் போடறோம்னாங்க. நான் தூக்கலன்னா அதுவும் கிடையாது. தூக்கினா…” அவன் நிறுத்தினான். “நீ என்ன சொல்ற?”

தூக்காதே என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. சொல்லுவது சுலபம். அதற்குப் பிறகு அவன் தூணுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டியிருக்கும், ஊருக்கு எந்தக் காரியமும் நடக்காது, அதற்கும் ஊர் அவனைத்தான் கேட்கும். தூக்கு என்று சொல்லவும் நா எழவில்லை.

“என் பேச்சைக் கேட்டுத்தானே உன் பாதி வயசு போச்சு. இதை நீயே பண்ணு. ஆனா எதைப் பண்ணினாலும் வந்து நீயே சொல்லு.”

அவன் போனை வைத்துவிட்டான்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார் கணவர்.

“சொல்லலாம். அப்புறம் அதுவும் என் கையா ஆயிடும்.”

“இப்ப மட்டும் ஆகலையா?” என்றார் அவர். கண்டிப்பதாக இல்லை. கேட்டுவிட்டுக் கண்ணாடித் துணியை உதறி மடித்தார்.

தம்பி கை தூக்கினான். மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். வீட்டுக்குள் வராமலே, “வர்றியா?” என்றான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வெல்டர் பட்டறையில் ஒரு இரும்பு கேட்டைச் சாய்த்துவைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். “வெளிச்சத்தைப் பார்க்காதீங்க, கண்ணு போயிடும்” என்று முகமூடிக்குள்ளிருந்து சத்தம் போட்டான். இருவரும் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு முகமூடியைக் கழற்றினான். தம்பி நடந்ததைச் சொன்னான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ரெண்டு ரூம் என்றான், பகலில் ஒரு நர்ஸ் என்றான்.

“பகல்லயா? குழந்தை என்ன நேரம் பார்த்தா பொறக்குது?” என்றான் வெல்டர்.



“என் பொண்டாட்டிக்கு இப்ப ஏழாவது மாசம்.” வெல்டர் கையுறையைக் கழற்றிக் கேட்டின் மேல் போட்டான். “அடுத்த தடவை உங்களுக்கு என் ஓட்டு கிடையாது.”

“சரி” என்றான் தம்பி.

“நேர்ல வந்து சொன்னீங்க. அது வேற.”

 திரும்பி நடக்கும்போது தெரு முனையில் அவன், “எனக்கு ரொம்ப அசதியா இருக்கு, அக்கா” என்றான். பதவிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது என்று சொல்ல வாயெடுத்தவள், ஸ்டுடியோவைப் பூட்டிய நாளிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால், “போய்ப் படு. வர்றவங்களை நான் பார்த்துக்கறேன்” என்றாள்.

ஒன்பதாவது மாதம் பிறந்ததும் அவள் வெல்டர் வீட்டுக்குப் போனாள். அவனிடம் பேசவில்லை, அவன் மனைவியிடம் பேசினாள். நாள் நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கிளம்பிப் போய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கலாம், தான் கூட இருக்கிறேன் என்றாள். அந்தப் பெண் முதலில் மாட்டேன் என்றாள். பிறகு, “நீங்க எதுக்கும்மா?” என்றாள். “எனக்கு வேற வேலை இல்ல” என்றாள் இவள். அது உண்மையாகவும் இருந்ததால் அந்தப் பெண்ணுக்கு மறுக்கத் தெரியவில்லை.

பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சீட்டு எழுதும் இடத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். முன்னால் புகுந்த ஒருவனை, “தம்பி, பின்னால போ” என்று அதட்டினாள். அவன் போய்விட்டான். நாள் நெருங்கி அந்தப் பெண்ணைச் சேர்த்த பிறகு, நடைபாதை பெஞ்சில் மூன்று பகல் உட்கார்ந்திருந்தாள். வசதிகள் நன்றாகத்தான் இருந்தன, சொன்னது பொய்யில்லை. எல்லா ஊர்ப் பெண்களும் இங்கே வந்ததால் கட்டில்கள்தான் போதவில்லை. இருவர் இருவராகப் படுத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வலி எடுத்து அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோன பிறகு, நர்ஸ் எட்டிப் பார்த்து, “கூட வந்தது யாரு? பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்? அம்மாவா, மாமியாரா?” என்றாள்.

அவள் எழுந்து நின்றாள். 

“பக்கத்துத் தெரு” என்றாள்.

நர்ஸ் ஒரு கணம் பார்த்துவிட்டு, “சரி, இங்கயே இருங்க, எங்கயும் போயிடாதீங்க” என்று கதவைச் சாத்தினாள்.

மதியத்துக்கு மேல் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம். வெல்டர் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தான். குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். நன்றி சொல்லவில்லை. பையிலிருந்து வாழைப்பழம் இரண்டு எடுத்தான். ஒன்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் உரித்துச் சாப்பிட்டாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

சபை முடிந்து தம்பியும் வந்தான். செய்தியைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தவன், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். அவனுடைய சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதை மெதுவாக எடுத்து, சத்தத்தை அணைத்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.